ஹீத்ரோ–சுபாங் 10,560 கிலோமீட்டர்: தனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பயணம்

1979 ஜனவரியில் நான் லண்டனிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வந்த பயணம் இது. விடுமுறைக்கு வந்ததல்ல. என்னோடு தாதிப் பயிற்சியில் இருந்த தனலெட்சுமி இறந்துபோனாள். சித்தியவானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த அவள் அம்மாவிடம் உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவளுக்கும் அதே வயதுதான்.

ரயில் நேரம், தங்கும் இடம், எங்கே நல்ல தோசை கிடைக்கும் என்று எழுதுகிற இந்த வலைப்பூவில் இதை எழுதுவேன் என்று நினைத்ததில்லை. போன வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: மாமா அங்கே இறந்துவிட்டார், ஈப்போவுக்குக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பிடிக்கும்? கணக்கை உடனே எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு கணினியை மூட மனம் வரவில்லை. அவருக்கும், அவரைப் போல இனி வரப்போகிறவர்களுக்கும் முழுதாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கணக்கு. ஹீத்ரோவிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு நேராகப் பறந்தால் சுமார் 10,560 கிலோமீட்டர். இப்போது நாம் சிப்பாங்கின் புதிய நிலையத்தில் இறங்குகிறோம். தூரத்தில் பெரிய மாற்றமில்லை, பதின்மூன்று பதினான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். அன்று நான் வந்த விமானம் நடுவில் பஹ்ரைனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டது. அதனால் சுற்று கொஞ்சம் கூடி 11,100 கிலோமீட்டர் ஆனது. பஹ்ரைன் வரை ஆறரை மணி நேரம், அங்கே இரண்டு, அதன்பின் ஏழரை. ஆக மொத்தம் பதினாறு. இன்னொன்று: மலேசியக் கடிகாரம் அப்போது லண்டனுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது, இப்போது போல எட்டு அல்ல. பழைய பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அரை மணியைக் கோட்டைவிடுவார்கள்.

நானும் தனமும் 1976இல் ஒரே விமானத்தில் போனவர்கள். நான் ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்காரி, அப்பா லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தார். அவளை முதன்முதலில் பார்த்தது ஈப்போவில், தாதிப் பயிற்சிக்கான நேர்காணலில். புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று கையில் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்து, வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்ததும் மறுபடி கழற்றிவிட்டாள். "வேல கெடச்சா இத போட்டுக்கிட்டு நிக்கணுமே, அதுக்கே பயமா இருக்கு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பெரிது. பின்னாளில் வார்டில் அந்தச் சிரிப்புக்காக அவளைக் கண்டிக்காத மேற்பார்வைத் தாதியே இல்லை.

லண்டனுக்கு வடக்கே ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஒரே மாடி, அடுத்தடுத்த அறை. வெள்ளை ரொட்டிக்கு நடுவில் இறால் சம்பலை வைத்துத் தின்பாள். அவள் வார்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். அவர் தினமும் விளக்கணைக்கும் முன் அதைத்தான் சொல்வார், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாதவர்.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு மதியம், சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், "பிலோ, மண்ட இடிக்குது," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பெயர் பிலோமினா. அவள் மட்டும்தான் பிலோ என்பாள். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த மருத்துவர்களே ஓடிவந்து பார்த்தார்கள். அன்று மாலையே போய்விட்டாள்.

தோட்டத்துக்குத் தந்தி போனது. அவளுடைய அண்ணன் முனியாண்டி தோட்ட அலுவலகத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவில் ஒரே வாக்கியம்தான் தெளிவாகக் கேட்டது: "அம்மா அவள இங்க கொண்டாரச் சொல்லுது, தங்கச்சி." அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை. மருத்துவமனையில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். பேராக்காரி நான் ஒருத்திதான் என்பதால் என்னையே கூடப் போகச் சொன்னார்கள்.

மரணச் சான்றிதழ், உடலை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக மரண விசாரணை அதிகாரியின் அனுமதி, உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, மலேசியத் தூதரகத்தின் முத்திரை. இவ்வளவும் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. உள்ளே துத்தநாகத் தகடு வைத்த மரப்பெட்டி. தகட்டின் விளிம்பைச் சுற்றி ஈயம் உருக்கி ஒட்டி முடிக்கும்வரை நான் கூடவே நின்றேன்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஹீத்ரோவில் விமானம் ஏறினேன். வெளியே அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. என் இருக்கைக்குக் கீழே, முன்னாலோ பின்னாலோ எங்கேயோ, தனம் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது ஜன்னலோர இருக்கைக்காக என்னோடு சண்டை போட்டவள். அன்று எனக்கு ஜன்னல்தான் கிடைத்தது. ஜன்னல் மூடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பஹ்ரைனில் பயணிகளை இறங்கச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கீழே சரக்கு அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பெட்டிகளை இறக்குகிறார்கள். அவளை இங்கே இறக்கிவிட்டால்? இருக்கையை விட்டு எழுந்து கதவுப் பக்கம் ஓடினேன். மலாய்க்காரப் பணிப்பெண் ஒருத்தி வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் உடனே படியிறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "ஜாங்ஙான் ரிசாவ், காக்," என்றாள். கவலைப்படாதே அக்கா என்று. தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததாகவும், பெட்டி இருந்த இடத்திலேயே இருப்பதாகவும் சொன்னாள். பிறகு எனக்குச் சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தாள். ஹீத்ரோவை விட்ட பிறகு நான் வாயில் வைத்தது அதுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு சுபாங். குளிர்காலக் கோட்டோடு வெளியே வந்தேன். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன் நின்றார். படத்தில் பார்த்திருந்ததால் தெரிந்துகொண்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் கண் என்மேல் நிற்கவில்லை, எனக்குப் பின்னால் திறந்து மூடிக்கொண்டிருந்த கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எந்த வாசல்ல வரும்?" என்று கேட்டார்.

"இந்த வாசல்ல இல்லண்ணே. பின்னால சரக்குக் கொட்டகையில."

"சரக்கா?" என்றார்.

கொட்டகை ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. சுங்கம், சுகாதாரம் என்று மூன்று மேசை. எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. மேசைக்காரர்கள் நல்ல மாதிரிதான் நடந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து நின்றுதான் முத்திரை குத்தினார். ஈப்போவுக்குச் சிறிய விமானம் இருந்தது, முக்கால் மணி நேரப் பறப்பு, ஆனால் பெட்டியை அதில் ஏற்ற வழியில்லை என்றார்கள். அண்ணன் ஈப்போவிலிருந்து வேன் ஒன்றை அமர்த்திக் கொண்டுவந்திருந்தார். ஓட்டுநர் ஆ லெக், பூசிங் பக்கத்துச் சீனர். அவருடைய அப்பா தோட்டத்துக் கடை வைத்திருந்தவராம். அதனால் நம் தமிழையே பேசினார்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை வராத காலம். ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வோர் ஊரின் வயிற்றுக்குள்ளும் புகுந்துதான் போக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மர லாரி ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

நான் முன்னால் ஆ லெக்குக்குப் பக்கத்தில். அண்ணன் பின்னால் பெட்டியோடு. ரவாங் தாண்டி ஒரு சின்ன ஆற்றுப் பாலம் வந்தது. ஆ லெக் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, பாலம் வருது. தங்கச்சிகிட்ட சொல்லு லா."

"என்னா சொல்றது?"

"பாலம் வருது, பயப்படாம வான்னு சொல்லு. எங்க ஆளுங்க அப்படித்தான். சொல்லாட்டி அவ இந்தப் பக்கமே நின்னுடுவா. வழி தெரியாது இல்லியா, வெளியூர்லேர்ந்து வாரா."

பாலத்தின் பாதியில் வண்டி வந்தபோது அண்ணன் குரல் கேட்டது, மிக மெதுவாக. "தனம். பாலம் வருது ஆயி. அண்ணன் இருக்கேன். வா."

அதன்பிறகு தஞ்சோங் மாலிம் வரை எத்தனை பாலம், கம்பார் வரை எத்தனை பாலம், எனக்குத் தெரியாது. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வாய்க்காலுக்கும் சொன்னார். தொடக்கத்தில் ஆ லெக் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு அவர் வேகத்தை மட்டும் குறைப்பார், அண்ணன் சொல்லிவிடுவார். தாப்பாவுக்கு அருகில் ஒருமுறை அண்ணனுக்கு அழுகையில் குரல் வரவில்லை. வண்டி பாலத்துக்கு முன்னாலேயே நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஆ லெக் கையை வெளியே நீட்டிக் காத்திருக்கச் சொன்னார். நானே திரும்பிச் சொன்னேன்: "தனம், பாலம் வருது. வா." நான் கத்தோலிக்கப் பெண். இதையெல்லாம் நம்பினேனா என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது. சொல்லாமல் அந்தப் பாலத்தைத் தாண்ட என்னால் முடிந்திருக்காது.

நாலரை மணிக்கு ஈப்போ. நிற்கவில்லை. மெங்லெம்பு வழியாக லூமுட் சாலையைப் பிடித்தோம். பத்து கிலோமீட்டர் போனால் லகாட். எங்கள் வீடு சாலையோரம், மருந்துக் கடைக்கு மூன்று வாசல் தள்ளி. நான் வருவது வீட்டுக்குத் தெரியும். சவ வண்டியோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதும் தெரியும். அப்பாவும் அம்மாவும் தங்கையும் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மூன்று வருஷமாக நான் அவர்களைப் பார்க்கவில்லை. ஆ லெக், "நிப்பாட்டவா, மிஸ்ஸி?" என்று கேட்டார். தாதிகளை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேணாம். மெதுவா மட்டும் போங்க."

அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா வேனோடு நாலைந்து எட்டு நடந்து வந்தாள். கையை வெளியே நீட்டினேன். தொட முடியவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். பொய்தான். என் அம்மாவை நான் எப்படியும் நாளையோ மறுநாளோ கட்டிக்கொள்ளலாம். பின்னால் இருந்தவளுக்கு அது இல்லை. அந்த நினைப்பு வந்தபோதுதான், அவள் போனபிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். ஆ லெக் வானொலிக்குக் கையைக் கொண்டுபோய், பிறகு வேண்டாமென்று எடுத்துவிட்டார்.

பூசிங், சிப்புத்தே, பாரிட். பேராக் ஆற்றுப் பாலம் நீளமானது. அண்ணன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பேசிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் இருபக்கமும் ரப்பர் மரங்கள்தான். ஈப்போவிலிருந்து எழுபது கிலோமீட்டர் வந்து மண் சாலையில் திரும்பியபோது ஆறேகால். வெளிச்சம் இன்னும் இருந்தது.

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலில் நின்றார்கள். அன்று பாதிப்பேர் வேலைக்குப் போகவில்லையாம். பெட்டி அவர்கள் வீட்டு வாசலில் நுழையவில்லை. சாய்க்கக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். வெளியே பந்தலில் இரண்டு பெஞ்சு போட்டு வைத்தார்கள். தனத்தின் அம்மா காளியம்மா எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஒல்லியான, உயரமான பெண்மணி. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. அந்தக் கையால் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"தொறங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். திறக்கக் கூடாது என்று சட்டம், ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன். கூட்டம் முணுமுணுத்தது. ஒருவர் உளி எடுத்துவரவா என்றார்.

காளியம்மா என் முன்னால் வந்து நின்றார். "உள்ள இருக்கறது எம்மவதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேம்மா."

"நீ பாத்தியா? மொகத்த பாத்தியா?"

"நான்தான் குளிப்பாட்டி விட்டேன். நானும் இன்னொரு பிள்ளையும்."

"என்னா பொடவ?"

"கத்திரிப்பூ கலரு. தீபாவளிக்கு நீங்க அனுப்பினீங்களே, அது."

"அத கட்டவே இல்லன்னு எழுதியிருந்தா."

"இப்பதாம்மா கட்டுனா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். தலை வாரினாயா? வாரினேன், ஒற்றைச் சடை. பொட்டு? குங்குமம் வைத்தேன். பூ? மல்லிகை அந்த ஊரில் இல்லை, பனிக்காலம், வெள்ளையாகச் சின்னதாக ஒரு பூதான் கிடைத்தது, வைத்தேன். மூக்குத்தி? இருக்கிறது. இடது கணுக்காலில் தழும்பு? பார்த்தேன், நீளமாக, பிறை மாதிரி. அந்தத் தழும்பைச் சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உளி எடுக்கப்போனவரைப் பார்த்து, "வேணாம்," என்றார். "இந்தப் பிள்ள பாத்திருக்கு. போதும்."

மறுநாள் காலை அடக்கம். தோட்டத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவில் இடுகாடு. பெட்டி பெரிதென்பதால் குழியை இன்னும் அகலமாக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் காளியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஊரு எத்தன கட்டைம்மா?" தோட்டத்தில் மைலைக் கட்டை என்றுதான் சொல்வார்கள். "ஈப்போ நாப்பத்தஞ்சு கட்டை. அது?"

"ஆறாயிரத்து அறுநூறு கட்டை இருக்கும்மா."

"அம்மாடி. எத்தன நாளாச்சு அவள கூட்டியார?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். "பதினாறு மணி நேரம்மா. முந்தாநேத்து காலையில கெளம்பி நேத்து காலையில சுபாங்."

அவர் என்னையே பார்த்தார். "ஒரு நாளா?"

"ஒரு நாளுகூட இல்ல."

அண்ணன் குழிப்பக்கமிருந்து திரும்பினார். காளியம்மா அவரிடம், "ஒரு நாளுதானாம்டா," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் அப்பவே சொன்னேனேம்மா. ப்ளேன்ல ஒரு நாளுல போயிடும்னு."

"நீ என்னத் தேத்தறதுக்குச் சொல்றேன்னுல்ல நெனச்சேன்."

பிறகு அவர் பேசியது என்னிடமா, தன்னிடமா தெரியவில்லை. ஏழு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர் அவர். கடலில் எட்டு நாள், இறங்கியபின் நோய்த் தடுப்பு முகாமில் சில நாள். கடலைத் தாண்டுவது என்றால் அவருக்கு அதுதான். தனத்தை அவர் வழியனுப்பியது ஈப்போ ரயில் நிலையத்தில். விமானத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. தனத்தின் கடுதாசி வந்துசேர பன்னிரண்டு நாள் ஆகும். காகிதத்துக்கே பன்னிரண்டு நாள் என்றால் ஆளுக்கு எத்தனை நாள்? போக ஒரு மாதம், வர ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் இவன எழுதச் சொல்லுவேன். வராத, எங்கள நெனைக்காத, படிப்ப பாருன்னு. வழியிலயே ரெண்டு மாசம் போச்சுன்னா வேலய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். ஒரு நாளுன்னு தெரிஞ்சிருந்தா..." சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். "ஒரு தடவ வான்னு சொல்லிருப்பேனே. வந்திருப்பாளா, மிஸ்ஸி?"

பயண நேரம் ஒரு நாளாக இருந்தாலும் பயணச்சீட்டு எங்கள் பயிற்சிச் சம்பளத்தில் பல மாதம். விடுப்பும் கிடைக்காது. இதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். பாதி சொல்லவும் செய்தேன். அவர் காதில் விழவில்லை. அதனால் தெரிந்த உண்மையை மட்டும் சொன்னேன்.

"பரீட்ச முடிஞ்சதும் ஏப்ரல்ல வாரேன்னு இருந்தாம்மா. உங்ககிட்ட சொல்லாம வந்து நிக்கணும்னு சொன்னா. நீங்க வேலவிட்டு வாற நேரத்துல, வழியில மறிச்சு நிக்கணுமாம்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் என் மடியில் தலையைச் சாய்த்து அழுதார். குழி தயாராகிவிட்டது என்று வந்து சொன்னவர்கள், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் எழுப்பினார்கள்.

கருமாதி முடியும்வரை இருந்தேன். லகாட்டில் சில நாள், தோட்டத்தில் சில நாள். திரும்பும் அன்று காளியம்மா தானும் சுபாங்குக்கு வருவேன் என்று நின்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பார்வையாளர் மாடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விமானம் ஒன்று ஓடி எழும்பி மேகத்துக்குள் போகும்வரை பார்த்தார்.

"பயப்பட்டாளா?" என்று கேட்டார். "மொத தடவ போறப்ப?"

"இல்லம்மா. ஜன்னல் சீட்டுக்கு எங்கூட சண்ட போட்டா."

"போடுவா," என்றார். என் கையைப் பிடித்து, "வருஷத்துக்கு ஒரு தடவ ஒங்கம்மாவ வந்து பாத்துடு. அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீ வந்துடு," என்றார்.

வருஷத்துக்கு ஒரு தடவை முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தேன். ஒவ்வொரு முறையும் தோட்டத்துக்குப் போவேன். எண்பதுகளின் நடுவில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயம் காலியானது, ஆட்கள் சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். முனியாண்டி அண்ணன் ஐஸ் ஆலையில் சேர்ந்து, சித்தியவானில் வாடகை வீடு எடுத்தார். இடுகாட்டை மட்டும் செம்பனைக்கு நடுவில் கம்பி போட்டு விட்டுவைத்திருந்தார்கள்.

1986இல் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மாவுக்கு முடியவில்லை, தனத்தின் கூட்டாளியைப் பார்க்கவேண்டும் என்கிறது என்றார். மறுநாளே கிளம்பிவிட்டேன். காளியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் போய் நின்றபோது அவருக்கு நினைவு இருந்தது.

"எப்ப கெளம்புன?"

"நேத்தும்மா."

மருமகள் பக்கம் மெல்லத் திரும்பி, "நேத்தாம், பாரு," என்றார். மூன்றாம் நாள் இறந்தார். தனத்துக்கு ஒற்றைச் சடையாக வாரிய அதே மாதிரி அவருக்கும் நான்தான் வாரிவிட்டேன்.

வாசகருக்கும் மற்றவர்களுக்கும் சில சொற்கள். இப்போது தூரம் அதேதான், நேரம் குறைவு. விமானச் சரக்குப் பிரிவும் இறுதிச் சடங்கு நிறுவனங்களும் தாள் வேலையை நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. தூதரகத்துக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து இறங்காதபடி பாருங்கள். தொழுகை நேரத்தில் அலுவலக மேசைகள் மூடியிருக்கும். விமான நிலையத்துக்கு வருகிற வீட்டாரிடம், பயணிகள் வாசலில் காத்திருக்க வேண்டாம், சரக்குக் கொட்டகைக்கு வாருங்கள் என்று முன்கூட்டியே, பக்குவமாகச் சொல்லுங்கள். ஈப்போவுக்குச் சாலை வழிதான் நல்லது. நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் போதும். நிதானமாக ஓட்டுகிற ஆளாகப் பாருங்கள்.

பெட்டி தனியாகவும் வந்துசேரும், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இருந்தாலும் ஒருவர் கூட வரட்டும். குளிப்பாட்டி, உடுத்தி, முகத்தைப் பார்த்த ஒருவர். அன்றைக்கு என்ன உடை, தலை எப்படி இருந்தது, முகம் எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க மாட்டார்கள். வீட்டில் கேட்பார்கள்.